எங்க கஞ்சி

நவரைக்கு நாத்து விட்டு பதினஞ்சு நாள் ஆச்சு. காலையில மடை திறந்துவிட்டு, கால்ல சேறு காயறதுக்குள்ள சர்வீஸ் ரோட்டு டீக்கடைக்குப் போயிடுவேன். எங்க தண்டலத்து டீக்கடை மத்த ஊர் டீக்கடை மாதிரி இல்லை. நைட் ஷிப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கற பசங்க, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களோட சொந்தக்காரங்க, லாரி டிரைவருங்க, இந்தி பேசற தம்பிங்க. அந்தக் கூட்டத்துல லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மண்வெட்டியோட நிக்கிறவன் பெரும்பாலும் நான் ஒருத்தன்தான்.

போன வாரம் அங்க ஒரு தம்பி பேச்சுக் கொடுத்தான். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் காண்ட்ராக்ட் வேலை, நல்ல பையன், பலமுறை எனக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கான். ஞாயித்துக்கிழமை நான் பைபிளை எடுத்துக்கிட்டுக் கோயிலுக்குப் போறதைப் பார்த்திருக்கான்போல. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க ஆளுங்கல்லாம் அந்தக் காலத்துல கோதுமைக்கும் பால் பவுடருக்கும் மாறினவங்கதானே? நெஜமாவே சாமி மேல நம்பிக்கை வந்தா மாறினீங்க?"

கோவம் வரலை. "பால் பவுடர் நல்லா இருந்துச்சு தம்பி, வாயில போட்டா மேலண்ணத்துல ஒட்டிக்கும்"னு சொல்லிச் சிரிச்சிட்டு வந்துட்டேன். வரப்புல நடந்து வர்றப்பதான் குத்துச்சு. அந்தப் பையன் கேட்டது மட்டும்னா மறந்திருப்பேன். அதே வாரம் எங்க வீட்டுக்குள்ள என் மகளும் ஒரு கேள்வி கேட்டா. ரெண்டும் ஒரே கேள்விதானோன்னு தோணிச்சு. மகள் கேட்டதை அப்புறம் சொல்றேன். முதல்ல கோதுமை.

அமெரிக்காக்காரன் அனுப்பின கோதுமையும் பால் பவுடரும் வந்தது உண்மை. மிஷன் பள்ளிக்கூடத்துல மட்டும் இல்லை. 1960-கள்ல கேர் நிறுவனம் மூலமா காமராஜரோட மதிய உணவுத் திட்டத்துக்கே அது வந்தது. தமிழ்நாடு முழுக்க எல்லாச் சாதிப் பிள்ளைங்களும் வரிசையில நின்னு அதைத் தின்னாங்க. தின்னவங்க எல்லாரும் ஞானஸ்நானம் எடுத்திருந்தா இன்னிக்கு ஸ்ரீபெரும்புதூர் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அது மட்டும் இல்லை. எங்க குடும்பம் கிறிஸ்தவத்துக்கு வந்தது அந்தக் கப்பல் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி.

இதை எனக்குச் சொன்னது எங்க ஆயா, நைனாவைப் பெத்தவங்க. நான் சின்னப் பையனா இருக்கறப்ப பள்ளிக்கூடத்துல இதே கேள்வியை வேற ஒருத்தன் கேட்டான். அழுதுக்கிட்டு வந்து ஆயாகிட்ட சொன்னேன். ஆயா அப்ப களத்துமேட்டுல தூத்திக்கிட்டு இருந்தாங்க. முறத்தைக் கீழ வைக்காமலே சொன்னாங்க.

அவங்க மாமனார் ஒரு மிராசுதார் வீட்டுப் படியாள். குடிசை இருக்கற மண்ணு கூட மிராசுதாரோடது. அந்தச் சமயத்துல உபதேசியார் ஒருத்தர் சேரிக்கு வந்து போய்க்கிட்டு இருந்தார். வெள்ளைக்காரர் இல்லை, தமிழர்தான், எழுதப் படிக்கத் தெரிஞ்சவர், வெள்ளை வேட்டி. ஒருநாள் மத்தியானம் வந்தவர் பசிக்குதுன்னு சொல்லிட்டு எங்க குடிசைத் திண்ணையில உக்காந்தாராம். பெரிய ஆயா பயந்துபோய், எங்க வீட்டுல கேழ்வரகுக் கஞ்சிதான் இருக்கு சாமின்னு சொல்லியிருக்காங்க. அதைத்தாம்மா கேக்கறேன்னு வாங்கிக் குடிச்சாராம். இன்னொரு வாட்டியும் கேட்டு வாங்கினாராம்.

"அவங்க குடுத்த கஞ்சிக்குப் போனோம்னு ஊர்ல சொல்றாங்க. எங்க கஞ்சியை அவரு குடிச்சாருடா. அதுக்குப் போனோம்." இவ்வளவுதான் ஆயா சொன்னது. மறுபடியும் தூத்த ஆரம்பிச்சுட்டாங்க.

எனக்கு அப்ப ஒண்ணும் புரியலை. பெரியவனாகி எங்க செங்கல்பட்டு ஜில்லா கதையைப் படிச்சப்பதான் அந்தக் கஞ்சியோட எடை தெரிஞ்சது.

இந்தப் பக்கத்து நிலம் வாங்கி வீடு கட்டப் போற நகரத்து நண்பர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையா படிக்கணும். 1891-ல செங்கல்பட்டுக்குத் தற்காலிக கலெக்டரா இருந்தவர் ட்ரெமென்ஹீர். இந்த ஜில்லாவில் பறையர் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அரசாங்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். உழைக்கிறது இவங்க, நிலம் இவங்களுக்குக் கிடையாது. தரிசு நிலம் கேட்டு மனு போட்டாலும் மிராசுதாருக்குத்தான் முதல் பாத்தியதை, அவர் தடுத்துட்டா முடிஞ்சது. குடியிருக்கற இடம் கூடச் சொந்தம் இல்லை, எதிர்த்துப் பேசினா குடிசையைப் பிரிச்சிக்கிட்டுப் போக வேண்டியதுதான். இதையெல்லாம் எழுதி, இவர்களுக்கு நிலமும் மனையும் பள்ளிக்கூடமும் கொடுக்கணும்னு சொன்னார். அடுத்த வருஷம், 1892 செப்டம்பர் 30-ம் தேதி, வருவாய்த் துறை அரசாணை வந்தது. அதைத்தான் இன்னிக்குப் பஞ்சமி நிலம்னு சொல்றோம். எங்க பக்கத்துல பெரியவங்க டி.சி. நிலம்னு சொல்லுவாங்க. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதுக்கப்புறமும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்களுக்குத்தான் விற்கலாம்னு நிபந்தனை.

அந்த மனுக்களை யார் எழுதினது? படிப்பறிவில்லாத படியாளால எழுத முடியாது. மிஷனரிகளும் அவங்ககிட்ட வேலை பார்த்த உபதேசியார்களும்தான் நிறைய எழுதிக் கொடுத்தாங்க. செங்கல்பட்டுல ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ சேரி மக்களுக்காக விவசாயக் குடியிருப்புகளையே உண்டாக்கினார். மெல்ரோசாபுரம்னு ஒரு ஊர் பேரைக் கேட்டு, இது என்னடா தமிழ்ப் பேரா இங்கிலீஷ் பேரான்னு நினைச்சிருந்தா, அது அப்படி வந்த ஊர்தான். திருவள்ளூர், ஈக்காடு பக்கம் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி. இந்த மிஷன்களோட சபைகள்தான் பின்னாடி 1947 செப்டம்பர் 27-ல தென்னிந்தியத் திருச்சபையில சேர்ந்தது.

அதனால டீக்கடைத் தம்பி சொன்னது முழுப் பொய் இல்லை. நிலத்துக்காகப் போனவங்க உண்டு. மனு எழுதித் தருவாங்கன்னு போனவங்க உண்டு. அடிக்கிற கைக்கு முன்னாடி ஒரு துரை நிப்பாருன்னு போனவங்க உண்டு. எங்க மாமூல் கதையில ஆயா கஞ்சியை மட்டும் சொன்னாங்க, எங்க ஒரு காணி கழனிக்கு மனு எழுதினது யாருன்னு சொல்லலை. நான் கேக்கவும் இல்லை. அதே உபதேசியார்தான் எழுதியிருப்பார்னு எனக்கு ஒரு எண்ணம்.

வேடிக்கை என்னன்னா, இப்ப நம்மளைப் பார்த்து "நெஜமான விசுவாசமா?"ன்னு கேக்கறவங்களை விட, அன்னிக்கு அந்த மிஷனரிகளே ரொம்ப சந்தேகப்பட்டாங்க. சேரியிலிருந்து குடும்பம் குடும்பமா வந்தா, வயித்துக்கு வர்றாங்களா ஆத்துமாவுக்கு வர்றாங்களான்னு ஊருக்கு அறிக்கை எழுதுவாங்க. மாசக்கணக்குல காத்திருக்க வைப்பாங்க. கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம் எல்லாம் மனப்பாடமா சொன்னாத்தான் ஞானஸ்நானம்.

இதுல ஒரு ஆளோட கதை எனக்கு மறக்காது. தாது வருஷப் பஞ்சம்னு பாட்டிமாருங்க சொல்லுவாங்களே, 1876-லிருந்து 78 வரைக்கும், அந்தச் சமயம் ஓங்கோல்ல இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃப். பஞ்ச நிவாரண வேலையா பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டினாங்க. அதுல மூணரை மைல் வெட்டற காண்ட்ராக்டை அவரே எடுத்து, பட்டினி கிடந்த ஆயிரக்கணக்கான பேருக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். வேலை செஞ்சவங்கள்ல நிறைய பேர் ஞானஸ்நானம் கேட்டாங்க. மாட்டேன்னுட்டார். கூலி என் கையிலிருந்து போற வரைக்கும் ஒருத்தருக்கும் கிடையாதுன்னு ஒரு வருஷத்துக்கு மேல நிறுத்தி வெச்சார். பஞ்சம் தணிஞ்சு, வேலையும் முடிஞ்சு, இனிமே கொடுக்க ஒண்ணும் இல்லைன்னு ஆனப்புறம் கதவைத் திறந்தார். 1878 ஜூலை 3-ம் தேதி ஒரே நாள்ல 2,222 பேர் ஞானஸ்நானம் எடுத்தாங்க. சென்னையில அடையாறுலயும் மயிலாப்பூர்லயும் மூக்கைப் பொத்திக்கிட்டு நீங்க தாண்டற அதே கால்வாய்தான், வடக்கே வெட்டின பாகம்.

கிளஃப் நேர்மையான ஆளு. இருந்தாலும் எனக்கு அந்தச் சோதனை மேல ஒரு வருத்தம் உண்டு. வேலை கிடைக்கணும்னு திருப்பதிக்கு மொட்டை போடறவரை யாரும் நிறுத்தி, உண்மையான பக்தியான்னு கேக்கறதில்லை. விசா கிடைக்கணும்னு பிள்ளையாரைச் சுத்தறவரைக் கேக்கறதில்லை. எங்க பக்கத்துக் கம்பெனியில ஆயுத பூஜைக்குக் கோடி ரூபா மிஷின் முன்னாடி பூசணிக்காய் உடைக்கிறாங்க, லாபத்துக்கான்னு யாரும் கேக்கலை, கேக்கவும் கூடாது. மனுஷன் தேவையோடதான் சாமிகிட்ட போவான். இல்லாதவன் தேவையோட போனா மட்டும் அது வியாபாரம் ஆயிடுது.

1936-ல காந்தியே, தன்னைப் பார்க்க வந்த ஜான் மாட்கிட்ட, மாட்டுக்குப் போய் சுவிசேஷம் சொல்வீங்களான்னு கேட்டார். தீண்டத்தகாதவங்கள்ல சில பேருக்கு அதைப் புரிஞ்சுக்கற சக்தி மாட்டை விடக் கம்மின்னு அர்த்தம் வர்ற மாதிரி. காந்தி மேல எனக்கு மரியாதை உண்டு, எங்க வீட்டுல படம் கூட இருக்கு. ஆனா அந்த இடத்தைப் படிச்சப்ப எனக்கு எங்க பெரிய ஆயா ஞாபகம்தான் வந்தது. அந்தக் காலத்துல தோர்ணக்கல் பிஷப்பா இருந்த வேதநாயகம் அசரியா, திருநெல்வேலிப் பக்கம் வெள்ளாளன்விளைக்காரர், காந்தியோட இந்தக் கருத்தை ஒத்துக்கலை. ஏழைக்கும் ஆத்துமா இருக்கு, தனக்கு எது வேணும்னு அவனுக்குத் தெரியும்ங்கற பக்கம் நின்னார்.

பைபிள்லயே இது இருக்கு. யோவான் சுவிசேஷம் ஆறாம் அதிகாரம். ஐயாயிரம் பேருக்கு இயேசு அப்பம் கொடுக்கறார். மறுநாள் அதே கூட்டம் தேடிக்கிட்டு வருது. நீங்க வயிறு நெறைஞ்சதாலதானே என்னைத் தேடி வந்தீங்கன்னு அவரே சொல்லிடறார். அதுக்கப்புறம் அவர் பேசினது கஷ்டமா இருக்குன்னு நிறைய பேர் போயிடறாங்க. நீங்களும் போறீங்களான்னு பன்னிரண்டு பேரைப் பார்த்துக் கேக்கறார். எங்க ஐயர் (எங்க சபையில போதகரை இன்னும் ஐயர்னுதான் கூப்பிடுவோம், சாதியை வெச்சு இல்லை) இதைப் பிரசங்கம் பண்றப்ப எப்பவும் கூட்டத்தைத் திட்டுவார். எனக்கு வேற ஒண்ணு தோணும். வயித்துக்காக வருவாங்கன்னு தெரிஞ்சேதானே அப்பம் கொடுத்தார். சாப்பிடறதுக்கு முன்னாடி யாரையும் விசாரிக்கலையே.

எங்க குடும்பம் வந்ததுக்கு என்ன காரணமோ இருக்கட்டும். வந்தப்புறம் என்ன ஆச்சுன்னு ஆயா சொன்னதுதான் எனக்கு முக்கியம். அவங்க மாமனார் ஞானஸ்நானம் எடுத்த வருஷம், ஊர்த் திருவிழாவுக்குப் பறை அடிக்க மாட்டேன்னுட்டார். செத்த மாட்டைத் தூக்க மாட்டேன்னுட்டார். அந்த அறுப்புக்குக் களத்துல அவருக்குக் கூலி நெல்லு அளக்கலை. கேட்டதுக்கு, உங்க சாமிகிட்ட போய்க் கேளுன்னு பதில். துரை எங்கயோ செங்கல்பட்டுல. உபதேசியார் வாரத்துக்கு ஒருநாள். மத்த ஆறு நாளும் இவங்க தனியாத்தான் இருந்தாங்க. ஏரியில கொட்டிக்கிழங்கு தோண்டித் தின்னு ஒரு சாகுபடிக் காலத்தைத் தள்ளினாங்க. சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்த ரெண்டு குடும்பம் பழையபடி பறை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. ஆயா அவங்களைக் குறை சொன்னதே இல்லை. "புள்ளைங்க பசிக்குதுன்னா என்னா பண்ணுவாங்க"ன்னுதான் சொல்லுவாங்க.

இனி இன்னிய கதை. பொங்கல் முடிஞ்சு ரெண்டாவது ஞாயிறு எங்க கோயில்ல அறுப்பின் பண்டிகை. விளைஞ்சதுல முதல் பங்கைக் கொண்டு வந்து படைப்போம், ஆராதனை முடிஞ்சதும் ஏலம் விடுவோம். நான் சின்னப் பையனா இருக்கறப்ப பீடத்துக்கு முன்னாடி நெல் மூட்டை, கரும்பு, வாழைத்தார், வேர்க்கடலை, கோழின்னு கால் வைக்க இடம் இருக்காது. சேவல் ஒண்ணு ஜெபத்துக்கு நடுவுல கூவும், பிள்ளைங்க சிரிக்கும். இந்த வருஷம் நெல்லு கொண்டு போனது நாங்க நாலு பேர். மீதி எல்லாம் கோயம்பேட்டு ஆப்பிள், பிஸ்கட் டப்பா, குக்கர். ஒருத்தர் மிக்ஸி கொண்டு வந்து வெச்சிருந்தார். நான் கிண்டல் பண்ணலை, அவங்க கழனியில இப்ப கம்பெனியோட கன்டெய்னர் யார்டு நிக்குது, அதுல மிக்ஸிதான் விளையும்.

ஏலத்துக்கு முன்னாடி சாட்சி நேரம். ஒருத்தர் எழுந்து, கர்த்தர் எங்க நிலத்துக்கு நினைச்சே பார்க்காத விலை கொடுத்தார், வீடு கொடுத்தார், கார் கொடுத்தார்னு சொன்னார். எல்லாரும் ஸ்தோத்திரம்னாங்க. நானும் சொன்னேன். ஆனா அவருக்குப் பின்னாடி ரெண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார் எங்க சித்தப்பா. அவர் பங்கு டி.சி. நிலம். 2007 வாக்குல புரோக்கர் பேச்சைக் கேட்டு ஒரு கையெழுத்து, ஒரு கைரேகை, கொஞ்சம் முன்பணம். மீதி வரவே இல்லை. விற்கக் கூடாத நிலத்தை வித்தவன் எந்த ஆபீஸ்ல போய்க் கேப்பான்? அவர் சாட்சி சொல்ல எழுந்ததை நான் பார்த்ததில்லை. ஆனா மழையோ புயலோ, மணி அடிக்கறதுக்கு முன்னாடி வந்து பெஞ்சு துடைச்சுப் போடறது அவர்தான். விலை கிடைச்சதால கர்த்தர் நல்லவர்னா, சித்தப்பாவுக்கு அவர் யாரு?

அதே சமயத்துல எங்க நிலத்துக்கும் ஆள் வந்தாங்க. நான் தயாராத்தான் இருந்தேன், மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. பைக் கலர் கூட முடிவு பண்ணிட்டேன். நைனா ஒத்துக்கலை. ஆகாப் ராஜா கேட்டும் தன் திராட்சத்தோட்டத்தைக் கொடுக்காத நாபோத் கதையைச் சொன்னார். நாபோத்தைக் கல்லெறிஞ்சு கொன்னுட்டாங்களே நைனான்னேன். ஆமா, ஆனா தோட்டத்தை விக்கலை இல்லன்னார். அந்த வீம்பால இன்னிக்கு நான் நாத்து விட்டுக்கிட்டு இருக்கேன். இது விசுவாசமா, பழைய விவசாயியோட பிடிவாதமான்னு அவர்கிட்ட கேட்டிருந்தா, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் மாதிரி பார்த்திருப்பார்.

இந்த நிலத்துக்காக ரத்தமும் சிந்தியிருக்கு. மாமல்லபுரம் பக்கம் காரணையில பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம் நடந்தது. 1994 அக்டோபர் 10, செங்கல்பட்டுல போலீஸ் சுட்டதுல ரெண்டு பேர் செத்தாங்க. ஜான் தாமஸ், ஏழுமலை. எங்க ஜில்லாவுல ஒவ்வொரு வருஷமும் அந்தப் பேரைச் சேர்த்தேதான் சொல்லுவாங்க. ஒண்ணு சர்ச்சுல வெச்ச பேரு, ஒண்ணு திருப்பதி மலையோட பேரு.

இப்ப என் மகள் கேட்ட கேள்விக்கு வர்றேன்.

அவ பன்னிரண்டாவது படிக்கிறா. மே மாசம் கவுன்சிலிங்குக்கு சாதிச் சான்றிதழ் கேப்பாங்க. நகரத்துல இருக்கற பல பேருக்கு இதோட சிக்கல் தெரியாது. 1950-ல வந்த குடியரசுத் தலைவர் ஆணையில மூணாவது பத்தி, இந்து மதத்தைத் தவிர வேற மதத்துல இருக்கறவங்க எஸ்.சி. ஆக முடியாதுன்னு சொல்லுது. 1956-ல சீக்கியரைச் சேர்த்தாங்க, 1990-ல பௌத்தரைச் சேர்த்தாங்க. கிறிஸ்தவங்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கலை. தமிழ்நாட்டுல எஸ்.சி.யிலிருந்து கிறிஸ்தவரானவங்க பி.சி. பட்டியல்ல வர்றாங்க. அதாவது என் தாத்தாவை அடிச்ச சாதிப் பிள்ளைங்களோட ஒரே வரிசையில நின்னு என் மகள் போட்டி போடணும். நாளைக்கு எங்களை யாராவது சாதி சொல்லித் திட்டினாலும் வன்கொடுமைச் சட்டம் எங்களுக்குப் பாயாது. சாதி மட்டும் ஞானஸ்நானத் தண்ணியில கரையாது. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துல செத்தவங்களுக்கு நடுவுல எழுப்பின சுவரைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க.

அதனால இந்த ஜில்லாவுல எத்தனையோ வீட்டுல பேரு ரெண்டு. ஞானஸ்நான ரிஜிஸ்தர்ல ஒரு பேரு, ரேஷன் கார்டுலயும் பட்டாவுலயும் ஒரு பேரு. எங்க தாத்தாவுக்கும் அப்படித்தான், பேரை மாத்தினா டி.சி. நிலம் போயிடுமோன்னு பயம். என் சான்றிதழ்ல என்ன எழுதியிருக்குன்னு இங்க எழுதப் போறதில்லை. வீட்டுல கண்டிப்பா சொல்லியிருக்காங்க.

2024 நவம்பர் 26-ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், தான் இந்துதான்னு சொல்லி எஸ்.சி. சான்றிதழ் கேட்டுப் போட்ட வழக்கு. ஞானஸ்நானம் எடுத்திருக்கார், கோயிலுக்குப் போய் வர்றார், உண்மையான நம்பிக்கை இல்லாம சலுகைக்காக மட்டும் இந்துன்னு சொல்றது அரசியல் சட்டத்தையே ஏமாத்தற மோசடின்னு நீதிபதிகள் சொல்லிட்டாங்க. பேப்பர்ல அதைப் படிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அன்னிக்கு மிஷனரி கேட்டான், இன்னிக்கு டீக்கடைத் தம்பி கேக்கறான், இப்ப கோர்ட்டும் கேக்குது. உன் விசுவாசம் நெஜமா? இதுக்குத் தீர்வு சொல்ல 2022-ல முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில ஒரு கமிஷன் போட்டாங்க.

ஐயர்கிட்ட போய் யோசனை கேட்டேன். அவர் நாகமான் கதையைச் சொன்னார். சீரியா தேசத்துப் படைத்தலைவன், குஷ்டம் குணமாகி இஸ்ரவேலின் தேவனை ஏத்துக்கறான். ஆனா ஊருக்குப் போனா ராஜா அவன் கையில சாய்ஞ்சுக்கிட்டு ரிம்மோன் கோயிலுக்குப் போவார், அப்ப நானும் குனிய வேண்டி வரும், அதை மன்னிக்கணும்னு எலிசாகிட்ட கேக்கறான். எலிசா திட்டலை, சமாதானத்தோட போன்னு அனுப்பிடறார். "சர்க்கார் கதவு குனிஞ்சு போற மாதிரி கட்டியிருக்கு தம்பி. கட்டினவங்க தப்பு. நீ குனிஞ்சா ஆண்டவருக்குத் தெரியும்"னார்.

எனக்கு மனசு லேசாச்சு. வீட்டுக்கு வந்து மகள்கிட்ட சொன்னேன். அவ புக்கை மூடி வெச்சுட்டு, "ப்பா, நாகமான் அவன் வேலைக்காகக் குனிஞ்சான். பேதுருவும் குளிர்காய்ற இடத்துலதானே மூணு வாட்டி தெரியாதுன்னான், அவனுக்கும் உயிருக்கு ஆபத்து இருந்துச்சே. நாம நாகமானா பேதுருவா?"ன்னு கேட்டா.

அவகிட்ட பதினேழு வயசுல இந்தக் கேள்வி இருக்கு. என்கிட்ட ஐம்பது வயசுல பதில் இல்லை. அவளுக்கு ஒரு சீட்டு, ஒருவேளை ஒரு வேலை, எங்க குடும்பத்துல முதல் பட்டம், இதெல்லாம் அந்த ஒரு வரியில தொங்குது. தண்டிக்கப்படறது தப்புன்னு தெரிஞ்சும், தண்டனையிலிருந்து தப்பிக்கப் பொய் சொல்லலாமா? சட்டம் அநியாயமா இருந்தா அதுக்குச் சொல்ற பொய், பொய்யா? ஐயர் ஒரு மாதிரி சொல்றார், கோர்ட்டு ஒரு மாதிரி சொல்லுது. ஆயா இருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு யோசிக்கிறேன். பறையை மறுபடி எடுத்துக்கிட்டுப் போன அந்த ரெண்டு குடும்பத்தையும் அவங்க குறை சொல்லலை. ஆனா அவங்க மாமனார் பறை எடுக்கலை.

எழுதப் போறதில்லைன்னு மேல சொன்னேன் பாருங்க, அந்த வரியைப் பத்து தடவை அடிச்சு அடிச்சு எழுதினேன். பக்கத்து வீட்டுச் சேவலுக்கு நேரம் காலமே கிடையாது, சாயங்காலம் நாலு மணிக்குக் கூவுது.

போன ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு அந்த டீக்கடைத் தம்பியை ரோட்டுல பார்த்தேன். அண்ணே கோவமான்னு கேட்டான். இல்லைப்பா, வீட்டுக்கு வான்னு கூட்டிக்கிட்டு வந்தேன். மகள் முந்தின நாள் ராத்திரி கரைச்சு வெச்ச கேழ்வரகுக் கூழ் இருந்தது, மோர் மிளகாயோட கொடுத்தா. குடிச்சான். இன்னும் கொஞ்சம் இருக்கான்னும் கேட்டான். அவன் எந்த ஊர், என்ன சாதின்னு நான் கேக்கலை. கோதுமையைப் பத்தி அவனும் பேசலை. கம்பெனியில கான்டீன் சாப்பாடு சரியில்லைன்னு மட்டும் சொன்னான்.

நாளைக்குக் கழனியில சேடை ஓட்டணும், டிராக்டர்காரர் ஆறு மணிக்கு வர்றேன்னிருக்கார். இ-சேவை மையத்துல மனு போட மே வரைக்கும் நேரம் இருக்கு. அறுப்பு ஏப்ரல் கடைசியில. மகள் பரீட்சை மார்ச்ல. அதுவரைக்கும் அவ அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்னு சொல்லியிருக்கா, நானும்.